தொண்டைக்கட்டு

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்று நாலு, மாசி.
தக்கலைச் சந்தைக்குப் பின்னால்
கிடுகு வேய்ந்த கொட்டகையில்
ஊமையாய் ஓடிய படங்களுக்கெல்லாம்
நான்தான் வாய்.

கூலி ஏழு சக்கரம், ஒரு கட்டன் சாயா.
திரைக்கு இடப்பக்கம் மூங்கில் கம்போடு நின்று
வெள்ளைக்காரர் உதடசைக்கும்போதெல்லாம்
நான் பேச வேண்டும்.

ஆண்களுக்குக் கஷ்டமில்லை.
கப்பல் கேப்டனுக்கும் கொள்ளைக்காரனுக்கும்
எங்கள் உபதேசியாரின் தொண்டையே போதும்.
லோர்னா வெல்கேட்டுக்குத்தான் தேடி அலைந்தேன்.
அழுவதற்கு முன் மூக்கைச் சுருக்குகிறவள்,
கோபம் வந்தால் தொப்பியைச் சரிசெய்கிறவள்,
அவளுக்கு என்ன குரல் கொடுப்பது?

மீன் சந்தையில் கிடைத்தது.
குளச்சலிலிருந்து தலைச்சுமையாக வரும் மிக்கேலம்மை
பேரம் பேசிப் பேசிச் சாளையைப் பிதுக்கிய
அஞ்சல் மாஸ்டரிடம் சொன்னாள்:
"எடுத்தா எடும், இல்லேங்கி கைய எடும்."
கரகரப்பு. அதன் அடியில் எங்கோ ஒரு சிரிப்பு.

அன்று ராத்திரி
நியூயார்க் கோடீஸ்வரன் நீட்டிய மோதிரத்தைப் பார்த்து
லோர்னா அதையே சொன்னாள்.
தரை டிக்கெட் மொத்தமும் எழும்பி நின்றது.
மறுநாள் முதல் அவள் பெயர் லூர்தம்மை.

நெய்யூர் ஆஸ்பத்திரி வாசகசாலையில்
ஆறு மாசம் பிந்தி வரும் பத்திரிகைகளில்
அவளைப் பொறுக்கிச் சேர்த்தேன்.
நெப்ராஸ்காவில் ஒரு சலவைக்காரியின் மகள்.
பெயரைக் கம்பெனி மாற்றியது,
முன்பல்லை மாற்றியது,
பிறந்த வருஷத்தை மாற்றியது.
புருஷனை மட்டும் அவளே மாற்றிக்கொண்டாள், இரண்டு தடவை.
ஐந்து வருஷத்தில் முப்பத்தொரு படம்.
பதினாறில் சாகிறாள்.

நான் சாக விட்டதில்லை.
கப்பல் முழுகி, திரை இருண்டு,
பெண்கள் மூக்கைச் சிந்தத் தொடங்கும்போது
கம்பைத் தட்டிச் சொல்வேன்:
"நீந்திக் கரையேறிட்டா.
இப்பம் மணவாளக்குறிச்சியில சுகமா இருக்காளாக்கும்."
முதலாளி ஒரு சக்கரம் பிடித்தார், பொய்க்கு.

சனிக்கிழமைதோறும் மிக்கேலம்மை வருவாள்,
காலிக் கடவத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருப்பாள்.
தன் குரல்தான் என்று தெரியுமோ தெரியாதோ.
ஒருநாள் வாசலில் என்னை நிறுத்தி,
"அந்தப் பொண்ணு நல்லாப் பேசுதா வே" என்றாள்.
அவ்வளவுதான்.

பிறகு படமே பேசியது.
நூற்று எட்டு, நாகர்கோவில்.
முதல்முறையாகக் காசு கொடுத்து டிக்கெட் எடுத்தேன்.
லோர்னா வாய் திறந்தாள்.
சிரட்டையில் கரண்டி உரசினதுபோல்
மெலிந்த, நடுங்கின ஒரு கீச்சு.

"லே, இது அவ சத்தமில்லலே!"
"பழைய சத்தத்தப் போடு!"
"யேசுவடியான் எங்கலே? எழும்பச் சொல்லு!"
துண்டைத் தலைவழியாக இழுத்துக்கொண்டேன்.
எழும்பவில்லை.
சிரிப்பும் சீட்டியும் கொட்டகையைத் தூக்கின.
கடல் தாண்டி
அவள் ஊர்க் கொட்டகைகளிலும் இப்படித்தான் சிரித்தார்களாம்,
ஆறு மாசம் பிந்திப் படித்தேன்.

அந்த இரைச்சலுக்குள்ளே, மூன்று வரிசைக்கு முன்னால்,
மிக்கேலம்மை யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்:
"பாவம், பனியில நின்னிருப்பா. தொண்டை கட்டிக் கிடக்கு.
நல்லமிளகு தட்டிப்போட்டுக் குடிச்சா
காலத்த சரியாவும்."

சரியாகவில்லை.
நூற்றுப் பத்தில் ஒரு படம் வந்தது.
சுவர் நோட்டீசில் அவள் பெயர் இல்லை.
பாதிப் படத்தில் ஒரு வேலைக்காரி
தட்டில் கோப்பைகளோடு வந்தாள்,
குனிந்தாள், தொப்பியைச் சரிசெய்தாள்.
அதில்தான் கண்டுபிடித்தேன்.
எஜமான் ஏதோ அதட்ட,
உதடு ஒருமுறை அசைந்தது. சத்தம் வரவில்லை.

பக்கத்து ஆளுக்குக்கூடக் கேட்காதபடி
இருட்டுக்குள் நான் சொன்னேன்:
எடுத்தா எடும்,
இல்லேங்கி கைய எடும்.